உஸ்தாதின் சொல்லும் மதிப்பெண் பட்டியலும்

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில், சான்டா குரூஸ் என்னும் கடற்கரை நகரில், 1965 ஆம் ஆண்டு அரசுப் பல்கலைக்கழகத்தின் புதிய வளாகம் ஒன்று திறக்கப்பட்டது. பெரும்பாலான பாடங்களில் மாணவருக்கு மதிப்பெண்ணோ, ஏ, பி, சி என்னும் தரமோ வழங்குவதில்லை என்று அதனை அமைத்தவர்கள் முடிவு செய்தனர். பாடம் நிறைவுற்றதும் ஆசிரியர் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் சில வாக்கியங்கள் எழுதித் தரவேண்டும். மாணவர் எதனை நன்கு விளங்கிக்கொண்டார், எங்கே தடுமாறினார், வகுப்பில் அவருடைய பங்கு எத்தகையது என்பன அதில் இடம்பெறும். வாஷிங்டன் மாநிலத்தில் 1971 இல் வகுப்புகளைத் தொடங்கிய எவர்கிரீன் அரசுக் கல்லூரியும் இதே வழியைத் தேர்ந்துகொண்டது.

இச்செய்தியை நம்மவர்களிடம் சொன்னால், "இது நம்முடைய இஜாஸா அல்லவா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்மிடம் இருந்ததுதானே!" என்று உடனே கூறுவார்கள். எல்லாவற்றையும் நாமே முதலில் கண்டோம் என்று சொல்லி மகிழ்ந்துகொள்வது நமக்கு வழக்கமாகிவிட்டது. இந்த விஷயத்தில் அக்கூற்று பாதியளவே சரி. ஆசிரியர் தம் சொல்லால் மாணவரை மதிப்பிடும் முறை நம்மிடம் இருந்தது என்பது உண்மை. அம்முறை நம் கைகளிலேயே எவ்வாறு தேய்ந்தது, எவ்வாறு சுருங்கியது என்பது சொல்லப்படாமல் போகும் மறுபாதி. அதனையும் சேர்த்துப் பார்த்தால்தான் சான்டா குரூஸில் நடந்ததும் விளங்கும். நம் அரபிக் கல்லூரிகளில் இன்று நடப்பதும் விளங்கும்.

முதலில் இஜாஸாவை எடுத்துக்கொள்வோம். ஹி. 459 (கி.பி. 1067) இல் பக்தாதில் நிஜாமிய்யா மதரஸா திறக்கப்பட்டது. அதன் பின்னர் பெரும் பெரும் மதரஸாக்கள் எழுந்தன. மாணவர்களுக்கு உதவித்தொகையும் உறைவிடமும் கிடைத்தன. ஆயினும் பட்டம் வழங்கியது மதரஸா அன்று. "இன்னார் என்னிடம் இன்ன கிதாபை ஓதினார், அதனைக் கற்பிக்க, அல்லது ஃபத்வா வழங்க, நான் அவருக்கு அனுமதி அளிக்கிறேன்" என்று எழுதித் தந்தவர் ஓர் உஸ்தாத். இடைக்கால மதரஸாக்களின் வரலாற்றை விரிவாக ஆராய்ந்த ஜார்ஜ் மக்திஸி 1981 இல் வெளியிட்ட நூலில் இக்கருத்தையே வலியுறுத்துகிறார்: இஜாஸா என்பது ஒரு மனிதர் மற்றொரு மனிதருக்கு வழங்கிய அனுமதி, நிறுவனத்திற்கோ அரசுக்கோ அதில் பங்கில்லை.

எகிப்தின் அரசுச் செயலகத்தில் பணியாற்றிய கல்கஷந்தீ (வஃபாத் ஹி. 821 / கி.பி. 1418) தம் 'ஸுப்ஹுல் அஃஷா' என்னும் பெருநூலில் இத்தகைய இஜாஸாக்களின் வாசகங்களைப் பாதுகாத்து வைத்துள்ளார். அவற்றுள் அவருக்கே கிடைத்த இஜாஸாவும் உண்டு. ஹி. 778 இல் அலெக்சாண்டிரியாவுக்கு வருகை தந்த இமாம் இப்னுல் முலக்கின் (ரஹ்) அவர்கள், ஷாஃபிஈ மத்ஹபில் கற்பிக்கவும் ஃபத்வா வழங்கவும் அவருக்கு அனுமதி எழுதிக் கொடுத்தார்கள். அப்போது அவருக்கு வயது 21 அளவில்தான். அந்த அனுமதியைப் படிப்பவருக்கு யார் கொடுத்தார், யாருக்குக் கொடுத்தார், எந்தக் கலையில், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்பதெல்லாம் தெரிந்துவிடும். கொடுத்தவரின் பெயர் கொடுக்கப்பட்டவரின் பெயரோடு காலத்திற்கும் பிணைந்து நிற்கும். தகுதியற்றவருக்குக் கொடுத்திருந்தால் அந்த இழுக்கு கொடுத்தவரையும் சேரும்.

ஆனால் இந்த ஏற்பாடும் நெடுங்காலம் தூய்மையாக நிற்கவில்லை. ஹதீஸ் துறையில் ஓதாமலே, நேரில் காணாமலே இஜாஸா பெறும் வழக்கம் மிக முற்காலத்திலேயே தலைகாட்டிவிட்டது. இஜாஸா செல்லுபடியாகுமானால் கல்வி தேடிப் பயணம் செய்வதே அற்றுப்போகும் என்று இமாம் ஷுஃபா (வஃபாத் ஹி. 160 / கி.பி. 776) கவலைப்பட்டதாகக் கூறப்படுகிறது. பின்னாளில் பேசக்கூடக் கற்காத மழலைகளுக்கும் இஜாஸா வாங்கி வைத்தனர். கதீப் பக்தாதீ (வஃபாத் ஹி. 463 / கி.பி. 1071) போன்ற மாமேதைகளே அதற்கு இடமளித்தனர். ஸனதின் தொடர் அறுபடக்கூடாது, உயர்ந்த ஸனத் அடுத்த தலைமுறைக்கும் கிட்டவேண்டும் என்பது அவர்களின் நோக்கம். நோக்கம் நல்லதே. ஆனால் அப்போது இஜாஸா மாணவரைப் பற்றி எதனையும் சொல்வதை நிறுத்திவிட்டது. சொல்வழி மதிப்பீட்டை விதந்து பேசுவோர் இதனை மறந்துவிடலாகாது. சொல்லும் நாணயத்தைப் போன்றதே. அளவின்றி அச்சிட்டால் மதிப்பிழக்கும். நம் கல்விக்கூடங்கள் வழங்கும் நன்னடத்தைச் சான்றிதழை நினைத்துப் பாருங்கள். 'இவருடைய நடத்தை நன்று' என்னும் ஒரே வாசகம் அச்சடித்து வைக்கப்பட்டிருக்கும். பெயரை நிரப்புவது ஒன்றே நம் வேலை.

எனவே நம் மரபில் சொல்வழி மதிப்பீட்டின் உச்சத்தைக் காணவேண்டுமானால் இஜாஸாவை விட்டு இன்னொரு கலைக்குச் செல்லவேண்டும். அது அறிவிப்பாளர்களை எடைபோடும் 'ஜர்ஹு தஃதீல்' கலை. அங்கே மதிப்பிடப்பட்டவர்கள் வகுப்பு மாணவர்கள் அல்லர். ஹதீஸை ஏந்தி வந்த ஆயிரக்கணக்கான மனிதர்கள். எனினும் ஒருவரின் நினைவாற்றலையும் நேர்மையையும் கண்டறிந்து சொல்லில் வைப்பது எப்படி என்ற கேள்வியை இவ்வளவு நுணுக்கமாக ஆராய்ந்த சமுதாயம் வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதற்கு வேர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்விலேயே உண்டு. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களைப் பெண் கேட்டு அபூ ஜஹ்ம், முஆவியா (ரலி) ஆகிய இருவர் தூது அனுப்பியிருந்தனர். அவர் ஆலோசனை கேட்டபோது, அபூ ஜஹ்ம் தோளிலிருந்து கைத்தடியை இறக்காதவர் என்றும் முஆவியா பொருளற்ற ஏழை என்றும் கூறி, உஸாமா பின் ஸைத் (ரலி) அவர்களை மணந்துகொள்ளுமாறு நபியவர்கள் சொன்ன செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. குறை கூறுதல் தேவைக்கு ஆகும் என்பதற்கு ஆலிம்கள் இந்த ஹதீஸை ஆதாரமாகக் கொள்வர். எனக்கு இதில் மற்றொன்றும் தோன்றுகிறது. முஆவியா (ரலி) அவர்களின் வறுமை மணப் பேச்சுக்கு உரிய செய்தி. ஹதீஸ் அறிவிப்புக்கு அது ஒரு குறையே அன்று. எதற்காகக் கேட்கப்பட்டதோ அதற்கு மட்டும் அளந்து சொல்லப்பட்ட மதிப்பீடு அது. ஒருவரைப் பற்றி எல்லாத் தேவைக்கும் பொதுவான ஓர் எண்ணை அங்கே யாரும் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை.

புகழ்ச்சிக்கும் அவ்வாறே வரம்பு விதிக்கப்பட்டது. தம் முன்னிலையில் ஒருவர் மற்றொருவரை மிகைப்படப் புகழ்ந்தபோது, தோழரின் கழுத்தையே அறுத்துவிட்டீர் என்று நபியவர்கள் கண்டித்தார்கள். புகழ்ந்தே தீரவேண்டுமானால், இன்னாரை இப்படிக் கருதுகிறேன், உண்மையில் அவரைக் கணக்கெடுப்பவன் அல்லாஹ்வே என்று சொல்லிக்கொள்ளுமாறு கற்பித்தார்கள். அபூ பக்ரா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உண்டு. 'கருதுகிறேன்' என்ற அந்த ஒரு சொல்லை மதிப்பெண் பட்டியலில் எங்கே எழுதுவது? 67 என்னும் எண் தன்னைத் தானே எண்ணிக்கொண்டது போல நிற்கிறது. அதனைக் கருதியவர் யார் என்பது தெரிவதில்லை.

முஹத்திஸ்கள் இந்தப் பொறுப்பின் கனத்தை உணர்ந்திருந்தனர். இமாம் அலீ இப்னுல் மதீனீ (வஃபாத் ஹி. 234 / கி.பி. 849) அவர்களிடம் அவருடைய தந்தையைப் பற்றிக் கேட்டனர். வேறு யாரிடமாவது கேளுங்கள் என்றார். விடாது கேட்டபோது சற்றுநேரம் தலைகுனிந்திருந்துவிட்டு, இது மார்க்கம், என் தந்தை பலவீனமானவர் என்று சொன்னதாக வரலாறு. பிற்காலத்தில் இப்னு தகீக் அல்ஈத் (வஃபாத் ஹி. 702 / கி.பி. 1302), முஸ்லிம்களின் மானத்தை நரகப் படுகுழிக்கு ஒப்பிட்டு, அதன் விளிம்பில் நிற்கும் இரு கூட்டத்தார் முஹத்திஸ்களும் நீதிபதிகளும் என்று எச்சரித்தார். சொல்வழி மதிப்பீடு மென்மையானது, மாணவர் மனம் நோகாதிருக்கக் கண்ட வழி என்று இக்காலத்தார் சிலர் எண்ணுகின்றனர். நம் முன்னோர் அப்படி எண்ணியதாகத் தெரியவில்லை.

அவர்கள் சொன்ன சொற்களின் நுட்பத்திற்கு இரண்டு சான்றுகள் போதும். இஸ்மாயீல் பின் அய்யாஷ் ஷாம் நாட்டவர். தம் நாட்டவரிடமிருந்து அவர் அறிவிப்பவை ஏற்கத்தக்கவை, ஹிஜாஸ், இராக் மக்களிடமிருந்து அறிவிப்பவற்றில் குழப்பம் உண்டு என்று பிரித்துச் சொன்னார்கள். எகிப்தின் காழீ இப்னு லஹீஆ (வஃபாத் ஹி. 174 / கி.பி. 790) அவர்களின் கிதாபுகள் தீக்கிரையாயின, அதன் பின்னர் அவர் அறிவிப்பில் தடுமாற்றம் நேர்ந்தது. ஆகவே அப்துல்லாஹ் இப்னுல் முபாரக், அப்துல்லாஹ் இப்னு வஹ்ப் போன்றோர் அவரிடமிருந்து அறிவித்தவை ஏனையோர் அறிவித்தவற்றைவிடச் சீரானவை என்றார்கள். முதலாமவருக்கு ஷாமில் 80, இராக்கில் 40 என்று வைத்துக்கொண்டாலும் சராசரி 60 என்பது பொய். அவர் எங்கேயும் 60 ஆக இருந்ததில்லை.

சொல்வோரின் வழக்காற்றையும் அறிந்திருக்க வேண்டியிருந்தது. இமாம் யஹ்யா பின் மஈன் (ரஹ்) ஒருவரை 'பாதகமில்லை' என்றால் அவரிடத்தில் அது 'நம்பகமானவர்' என்பதற்குச் சமம். இதனை அவரே விளக்கியுள்ளார். இமாம் புகாரி (ரஹ்) அவர்களோ நாவடக்கம் மிக்கவர்கள். 'இவரைப் பற்றி மௌனம் காத்தனர்', 'இவரில் ஆராய வேண்டியது உண்டு' என்று மெல்லச் சொல்லிவிட்டால் அது மிகக் கடுமையான தீர்ப்பு என்று பொருள். சொல்லைப் படிப்பதற்கு முன் சொன்னவரைப் படிக்கவேண்டும். இது சிரமமான வேலை. இந்தச் சிரமமே அடுத்து வந்த மாற்றத்திற்கு வழி திறந்தது.

இமாம் இப்னு அபீ ஹாதிம் அர்ராஸீ (வஃபாத் ஹி. 327 / கி.பி. 938) தம் 'அல்ஜர்ஹு வத்தஃதீல்' நூலின் தோற்றுவாயில், சிதறிக் கிடந்த இச்சொற்களை நம்பகத்திற்கு நான்கு படித்தரங்கள், குறைக்கு நான்கு படித்தரங்கள் என்று வரிசைப்படுத்தினார். இப்னுஸ் ஸலாஹ் (வஃபாத் ஹி. 643 / கி.பி. 1245) அதனை ஏற்றுக்கொண்டார். தஹபீ, இராகீ ஆகியோர் மேலும் விரித்தனர். சொற்கள் அப்படியே இருந்தன. ஆனால் அவை படிக்கட்டில் ஏறி நின்றுவிட்டன.

நூல்களின் வரலாறும் அதே பாதையில் நடந்தது. அப்துல் கனீ அல்மக்திஸீ எழுதிய 'அல்கமால்' நூலை இமாம் மிஸ்ஸீ (வஃபாத் ஹி. 742 / கி.பி. 1341) திருத்தி விரித்து 'தஹ்தீபுல் கமால்' ஆக்கினார்; இன்று அது 35 பாகங்களில் அச்சாகியுள்ளது. அதனை இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானீ (வஃபாத் ஹி. 852 / கி.பி. 1449) 'தஹ்தீபுத் தஹ்தீப்' என்று சுருக்கினார், நம் தக்காணத்து ஹைதராபாதின் தாயிரத்துல் மஆரிஃப் ஹி. 1325 தொடங்கி 12 பாகங்களில் அதனை அச்சிட்டது. அதுவும் நீளம் என்று மாணவர்கள் கருதியதால் மீண்டும் சுருக்கி 'தக்ரீபுத் தஹ்தீப்' எழுதினார். ஒருவருக்கு ஏறத்தாழ ஒரு வரி. மொத்தம் 12 படித்தரங்கள். பெருநூல்களின் சுவடு இப்போது ஒரு சொல்லில் அடங்கிவிட்டது: 'ஸிகா', 'ஸதூக்', 'மக்பூல்', 'ளயீஃப்'.

என்ன இழந்தோம் என்பதை ஸீரத்தின் முன்னோடி முஹம்மத் பின் இஸ்ஹாக் அவர்களைக் கொண்டு காணலாம். பெருநூல்களில் அவரைப் பற்றி ஷுஃபா அவர்களின் உயர்ந்த புகழ்ச்சியும் உண்டு. 'தஜ்ஜால்' என்று இமாம் மாலிக் (ரஹ்) சாடியதும் உண்டு. அவ்விருவருக்கும் இடையே இருந்த மனக்கசப்பும் அங்கே பதிவாகியுள்ளது. சமகாலத்தவர் ஒருவரையொருவர் குறைகூறுவதை ஆராயாமல் ஏற்கலாகாது என்ற விதியும் இத்தகைய நிகழ்வுகளை முன்வைத்தே பேசப்படுகிறது. தக்ரீபில் இந்த வழக்காடல் இல்லை. 'ஸதூக், தத்லீஸ் செய்பவர்' என்பதோடு அவர்மீது சுமத்தப்பட்ட கொள்கைக் குற்றச்சாட்டு பற்றி ஒரு குறிப்பு. தீர்ப்பு இருக்கிறது, சாட்சிகள் போய்விட்டனர்.

இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களைக் குறைகூற நான் யார்? அவருடைய ஒரு வரி நம்முடைய மதிப்பெண்ணைப் போன்றதன்று. இப்னு லஹீஆ பற்றிய வரியில் கிதாபுகள் எரிந்த செய்தியையும், இப்னுல் முபாரக், இப்னு வஹ்ப் ஆகியோர் அறிவிப்பின் சிறப்பையும் விடாமல் வைத்திருக்கிறார். இஸ்மாயீல் பின் அய்யாஷின் ஊர்வாரிப் பிரிவும் அங்கே உள்ளது. மேலும், 1997 இல் பஷ்ஷார் அவ்வாத் மஃரூஃப், ஷுஐப் அல்அர்னாஊத் ஆகிய இரு ஆய்வாளர்கள் 'தஹ்ரீரு தக்ரீபித் தஹ்தீப்' என்ற நூலை வெளியிட்டு, தக்ரீபின் பல தீர்ப்புகளை மறுத்தனர். அவர்கள் மறுப்பு எல்லா இடத்திலும் சரியா என்பது வேறு பேச்சு. ஐந்தரை நூற்றாண்டு கழித்தும் மேல்முறையீடு செய்ய முடிந்தது. பெருநூல்களின் சொற்கள் எரிக்கப்படாமல் இருந்ததால் முடிந்தது.

இப்போது சான்டா குரூஸுக்குத் திரும்புவோம். சில நூறு மாணவர்களோடு தொடங்கிய அவ்வளாகம் 2000 ஆம் ஆண்டளவில் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டது. நூற்றுக்கணக்கானோர் அமரும் வகுப்பில் ஆசிரியர் ஒவ்வொருவரையும் அறிந்து எழுதுவது எங்ஙனம்? எழுதப்பட்டவை அச்சடித்த வாசகங்களாக மாறின. மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது அந்தக் காகிதக் கட்டை மற்றக் கல்லூரியார் எப்படி ஒப்பிடுவது என்ற கேள்வியும் எழுந்தது. 2000 இல் ஆசிரியர் அவை எழுத்துத் தரங்களைக் கட்டாயமாக்க முடிவு செய்தது. 2010 இல் சொல்வழி மதிப்பீடு ஆசிரியரின் விருப்பத்திற்கு விடப்பட்டது. எவர்கிரீன் மட்டும் தன் வழியில் தொடர்கிறது. படிப்போர் பெருகும்போது, அவர்கள் விரைந்து ஒப்பிட விரும்பும்போது, சொல் படித்தரமாகிறது. மிஸ்ஸீயிலிருந்து தக்ரீப் வரை நடந்ததும் இதுவே. வேறுபாடு என்னவெனில் நாம் பெருநூலைப் பாதுகாத்துக்கொண்டே சுருக்கினோம்.

படித்தரம் இடும் வழக்கமே மேலை நாட்டில் மிகப் பழையதன்று என்பதையும் குறிப்பிடவேண்டும். யேல் கல்லூரியின் தலைவர் எஸ்ரா ஸ்டைல்ஸ் 1785 இல் 58 மாணவர்களைச் சோதித்து, 20 பேர் முதல்தரம், 16 பேர் அடுத்த தரம் என்று நான்கு லத்தீன் பெயர்களால் பிரித்துத் தம் நாட்குறிப்பில் எழுதினார். ஏ, பி என்னும் எழுத்துகள் 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் பரவின. அந்த நூற்றாண்டில்தான் நம் கல்விக்கூடங்களும் தேர்வுக்கு வந்து சேர்ந்தன. 1866 இல் தோன்றிய தேவ்பந்த் தாருல் உலூமின் நிறுவனர்கள் டெல்லிக் கல்லூரியின் ஆசிரியர் மவ்லானா மம்லூக் அலீ (ரஹ்) அவர்களிடம் ஓதியவர்கள். ஆண்டுத் தேர்வும் பரிசளிப்பும் அங்கே தொடக்கத்திலேயே ஒழுங்குபடுத்தப்பட்டன. அல்அஸ்ஹரில் 1872 ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை, தகுதி பெற்றதாகக் கருதும் மாணவர் பள்ளிவாசலில் ஒரு தூணருகே அமர்ந்து பாடம் சொல்லத் தொடங்குவார். கூடியிருப்போரின் கேள்விக் கணைகளுக்கு ஈடுகொடுத்தால் அந்த இடம் அவருடையது. சட்டம் வந்தபின் ஆறு ஆலிம்கள் கொண்ட குழு 11 கலைகளில் சோதித்து முதல், இரண்டாம், மூன்றாம் தரம் என்று பட்டம் வழங்கியது. இதில் நன்மை இல்லை என்று நான் சொல்லமாட்டேன். உஸ்தாதின் உறவினருக்கும் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் கிடைத்துவந்த சலுகைகளை எண் ஓரளவு தடுத்தது. ஏழை மாணவருக்கு எண்ணும் ஒரு பாதுகாப்பே.

நம் தமிழகத்தில் மாற்றம் இன்னொரு வகையிலும் வெளிப்பட்டுள்ளது. பாகவி, உமரி, மன்பஈ, மிஸ்பாஹி, ஜமாலி என்று ஆலிம்கள் தம் கல்லூரியின் பெயரைத் தம் பெயரோடு இணைத்துக்கொள்கிறோம். அழகான வழக்கம். ஆனால் இரு ஆலிம்கள் சந்தித்தால் இன்று முதலில் எழும் கேள்வி, "எந்த மதரஸா?" என்பது. "யாரிடம் ஓதினீர்கள்?" என்பது இரண்டாவதாக வருகிறது, சில வேளை வருவதேயில்லை. நாம் வழங்கும் ஸனதில் உஸ்தாதுகளின் தொடர் இன்னும் எழுதப்படுகிறது. எல்லா மாணவருக்கும் அதே தொடர், அதே வாசகம். மாணவரைப் பற்றிய செய்தி தனித் தாளில், எண்ணாக இருக்கிறது.

இஸ்ரேலிய உளவியலாளர் ரூத் பட்லர் 1988 இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. பள்ளி மாணவரில் ஒரு பிரிவினருக்கு எண் மட்டும், ஒரு பிரிவினருக்குக் குறிப்புரை மட்டும், மூன்றாவது பிரிவினருக்கு இரண்டும் தரப்பட்டன. குறிப்புரை மட்டும் பெற்றவர்களின் ஆர்வமும் ஆக்கமும் உயர்ந்தன. இரண்டையும் பெற்றவர்களோ, எண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நின்றுவிட்டனர். எண் அருகில் இருந்தால் கண் சொல்லுக்குச் செல்வதில்லை போலும். ஆகவே மதிப்பெண் பட்டியலின் ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டால் போதும் என்னும் யோசனை, அண்மையில் ஆசிரியர் கூட்டம் ஒன்றில் நான் கேட்டது, எனக்கு மனநிறைவு தரவில்லை. சொல்லுக்குத் தனித் தாள் வேண்டும். அடியில் எழுதியவரின் பெயரும் தேதியும் வேண்டும். நம் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர் பெரும்பாலும் பத்து, இருபது பேரே. சான்டா குரூஸின் நெருக்கடி நமக்கு இல்லை.

நான் சில ஆண்டுகளாக ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். ஸனது பெறும் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் நாலைந்து வரி எழுதி, அதனை அவரிடமே படித்துக் காட்டுவேன். தேர்வுத் தாளில் எழுதுவதைவிட இது எனக்குக் கடினமாக இருக்கிறது. பிள்ளை எதிரே அமர்ந்திருக்கிறார். ஒருவரைப் பற்றி, 'இபாரத் தவறின்றி வாசிப்பார்; ஹிதாயாவில் தெளிவு உண்டு; சபையில் பேசும்போது கருத்து சிதறும்; இமாமத்தைவிடப் பாடம் நடத்துவது இவருக்குப் பொருந்தும் எனக் கருதுகிறேன்' என்று எழுதியிருந்தேன். நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு சிற்றூரில் அவர் ஜும்ஆ உரையாற்றுவதைக் கேட்க நேர்ந்தது. ஊர் திரும்பியதும் அந்த வரியின் கீழே எழுதினேன்: 'முன்னர் எழுதியது மாணவப் பருவத்தைப் பற்றியது. இப்போது சபையில் சிதறல் இல்லை. நானே கேட்டேன்.' தேதியிட்டு, கையொப்பமிட்டு, அதன் படி ஒன்றை அவருக்கு அஞ்சலில் அனுப்பினேன்.